பன்னிரண்டு விநாடி நிழல்

மொட்டைமாடி விளக்கு அணைந்தது.

தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்த வனஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அணைய வேண்டும் என்றுதான் ஒரு மாதமாக ஆசைப்பட்டாள். ஆனால் அந்த விளக்கின் ஸ்விட்ச் கீழ்த்தளத்தில், பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. அதற்கு ஒரே சாவி. அது குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சுந்தரராமனிடம்.

அவர் அணைக்கிற ஆள் இல்லை.

"ஒருத்தருக்குச் சலுகை காட்டினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க," என்று போன மாதக் கூட்டத்தில் சொன்னவர். "இன்னிக்கு நட்சத்திரம்பாங்க, நாளைக்கு நிலாம்பாங்க. சிசிடிவிக்கு வெளிச்சம் வேணுமா வேண்டாமா?"

கூட்டம் சிரித்தது. தொம்மலூரில் அந்தக் கட்டிடத்துக்குக் குடிவந்த இத்தனை வருடத்தில் வனஜா வாய்விட்டுக் கேட்ட ஒரே விஷயம் அது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, கையிலிருந்த சமோசாவை முடித்தாள்.

கேட்டது பெரிதில்லை. நெப்டியூனுக்கும் அப்பால், சூரியனே ஒரு புள்ளியாகத் தெரிகிற குளிரில், ஒரு பனிக்கோளம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான். அவளுடைய பழைய தொலைநோக்கியில் அது தெரியவே தெரியாது. ஆனால் இன்று மாலை ஏழே முக்காலுக்கு அது ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போகும். பன்னிரண்டு விநாடிக்கு அந்த நட்சத்திரம் மறையும். அந்த நிழல் பெங்களூர் மீது விழும்.

அது மறுபடி இந்த மாடிக்கு வரும்போது வனஜா இருக்கமாட்டாள்.

தலைக்கு மேலே அந்த விளக்கு எரிந்தால் ஒன்றும் தெரியாது. அதனால் நேற்றுக் காலை குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் எழுதினாள்: 'நாளை மாலை 7.45க்கு ஒரு சிறு கோளின் நிழல் நம் கட்டிடத்தின் மீது விழும். பன்னிரண்டு விநாடி.'

அவ்வளவுதான். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கிரகணம் என்ற சொல்லைக் கொண்டுவந்தது இரண்டாம் மாடி சொர்ணம்தான். "வனஜாம்மா, இது என்ன கிரகணம், காலண்டர்லயே போடலியே? நம்ம தீபிகாவுக்கு ஏழு மாசம், பால்கனிக்கு வரலாமா?" என்று குரல்செய்தி அனுப்பினார். பின்னாலேயே நாலாம் மாடி வீணா, "ஊட்டாவை, அதான் ராத்திரி சாப்பாட்டை, முன்னாடியே முடிச்சிடணுமா ஆன்ட்டி?" என்றாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஷெர்வின்கூட, எதற்கும் கேட்டு வைப்போமே என்று, எந்த ராசிக்கு ஆகாது என்று கேட்டான்.

விளக்கிவிடலாம் என்று வனஜா போனை எடுத்தாள். அப்போது யாரோ கேட்டார்கள்: 'லைட் போட்டு வைக்கலாமா?'

அந்தக் கேள்வியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குள் இப்படி ஒருத்தி குடியிருக்கிறாள் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

'போடாமல் இருப்பது நல்லது' என்று எழுதி அனுப்பினாள்.

யாருக்கு நல்லது என்று யாரும் கேட்கவில்லை.

சுந்தரராமன் மட்டும் உடனே பதில் போட்டார்: 'சுத்த மூடநம்பிக்கை. மாடி விளக்கு வழக்கம்போல் எரியும். இப்படிக்கு, செயலாளர்.'

எரியத்தான் செய்தது. இதோ, இந்த நிமிடம்வரை.

யார் அணைத்தது என்று யோசிக்க நேரமில்லை. கீழே ஒவ்வொரு ஜன்னலாக இருண்டது. குக்கர் விசில் இல்லை, டிவிச் சத்தம் இல்லை. ஒரு கட்டிடம் மொத்தமும் அவளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. வனஜா மறுபடி கண்ணை வைத்தாள்.

நட்சத்திரம் இருந்தது.

இருந்தது.

இல்லை.

யார் கண்ணிலும் படாத ஒன்று, அவ்வளவு தூரத்திலிருந்து, இன்னொன்றின் வெளிச்சத்தைக் கையால் பொத்தி, நான் இருக்கிறேன் என்கிறது. குறும்புதான். அவளுக்கு அதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நிழல் தன் மேல் விழுந்திருக்கிறது என்று உடம்புக்குத் தெரியவில்லை. ஆனாலும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல், நட்சத்திரம் திரும்பி வந்தது.

அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் தண்ணீர்த் தொட்டி உறுமியது. குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இரைந்தன. கிரகணம் விட்டால் குளிக்க வேண்டுமல்லவா? கட்டிடமே தலைக்குக் குளித்தது. டேங்கர் லாரி நாளைக் காலைதான் வரும்.

தொலைநோக்கியை மடித்துத் தூக்கிக்கொண்டு அவள் மூன்றாம் மாடிக்கு இறங்குவதற்குள் குழாய்கள் இரண்டு முறை விக்கிவிட்டு ஓய்ந்தன.

வீடு இருட்டாக இருந்தது. சாப்பாட்டு மேசையின் மேல் சங்கத்தின் சாவிக்கொத்து கிடந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, கல்யாணமான நாளாகக் கேட்டுப் பழகிய குரல் வந்தது.

"வனஜா! தண்ணி நின்னுபோச்சு, கண்ணெல்லாம் சோப்பு. சும்மா வேர்த்துச்சேன்னுதான் குளிக்க வந்தேன், வேற ஒண்ணும் இல்ல."

அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மதியமே நிரப்பித் தட்டுப் போட்டு மூடிய பக்கெட் சமையலறையில் இருந்தது. "இதோ வரேங்க," என்றபடி அதைத் தூக்கிக்கொண்டு வந்து கதவருகே நின்றாள்.

பன்னிரண்டு வரை எண்ணலாம் என்று தோன்றியது.

மெதுவாகவே எண்ணினாள்.