ஆணி மட்டும் இருக்கும் தெரு

கார் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் என் மனைவி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

வாயைத் திறக்காதே என்று பொருள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் நான் முழுதாகக் கற்றுத் தேர்ந்த மொழி அது ஒன்றுதான்.

முன் இருக்கையிலிருந்த வீட்டுத் தரகர் எதையும் கவனிக்கவில்லை. பாவம், இளைத்துப்போயிருந்தார். எங்களை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்ற ஆரம்பித்தபோது அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது.

வாங்கி வாடகைக்கு விட ஒரு வீடு. நான் கேட்டது அவ்வளவுதான்.

ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணம் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் காணும். அதனால் பேட்டையைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கறாராக இருந்தேன். நான் வேண்டாமென்று சொல்லாத பேட்டை ஒன்று இந்த ஊரில் இனிமேல்தான் கட்டப்பட வேண்டும்.

ஒன்றில் தண்ணீர் உப்பு. ஒன்றில் பேருந்து நிறுத்தம் அவ்வளவு தூரம். குடியிருப்பவர் வேலைக்குக் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் ஓய்வுபெற்றுவிடுவார். புதிதாக முளைத்த ஒரு பகுதியில் கொசுக்கள் என்னைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடிவரை போய்விட்டன. மனைவிதான் காலைப் பிடித்து இழுத்து இறக்கினாள்.

எல்லாவற்றுக்கும் மேலே என்னுடைய ஆணிச் சட்டம்.

‘வாடகைக்கு’ என்று பலகை தொங்கும் தெரு ஆகாது. பலகை துருப்பிடித்திருந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட வேண்டும். பலகையே இல்லாமல், அது தொங்கிய ஆணி மட்டும் சுவரில் இருக்கிறதா, அதுதான் தெரு. வந்தவன் திரும்பிப் போகவில்லை என்று அர்த்தம்.

இன்றோடு கெடு முடிகிறது. இன்றும் முடிவெடுக்காவிட்டால் பணம் மொத்தமும் தன் தம்பியின் கோழிப்பண்ணைக்குத்தான் என்று மனைவி காலையிலேயே தீர்ப்பளித்துவிட்டாள். என் மச்சான் பண்ணைக்குள் நுழைந்தாலே கோழிகளுக்கு முட்டையிடுவது மறந்துபோகும்.

எப்போதும்போலத் தரகர் எங்களை மார்க்கெட் வாசலில்தான் ஏற்றிக்கொண்டார். தரகர்களிடம் வீட்டு விலாசம் கொடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. கொடுத்தால், நாம் பல் தேய்க்கும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மனை விற்பார்கள்.

“இறங்குங்க சார். இதையாவது வேணாம்னு சொல்லாதீங்க.”

இறங்கினோம்.

இரண்டு பக்கச் சுவர்களிலும் ஆணிகள். வெறும் ஆணிகள். மதிப்பெண் போடும் நோட்டை நான் வெளியே எடுக்கவே இல்லை.

தெருநாய் ஒன்று ஓடி வந்து என் காலை முகர்ந்து வாலை ஆட்டியது.

“நாய்கூட எவ்ளோ நல்ல நாய் பாருங்க சார். புது ஆளைப் பாத்துக் குரைக்கவே இல்ல!”

ஒரு வீட்டு வாசலில் நின்று தரகர் விலையைச் சொன்னார். எனக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அதே விலைதான்.

“ஏங்க இவ்ளோ கம்மி?”

தரகர் குரலைத் தாழ்த்தினார். “உள்ள ஒரு ரிட்டயர்டு ஆளு குடியிருக்காரு சார். நான் இன்னும் பாத்ததில்ல. ஓனர் இருக்கிறது வெளியூர்ல, அங்கயும் அவரை நிம்மதியா விடறதில்லையாம். குழாய் சொட்டுதுன்னா, நிமிஷத்துக்கு எத்தனை சொட்டுன்னு எண்ணி ரிஜிஸ்டர் தபால் போடுவாராம். அதுக்குப் பயந்தே விக்கிறாரு.”

“எண்ணினது அவரு வீட்டம்மாவாத்தான் இருக்கும்,” என்றாள் என் மனைவி. “என்ன பாவம் பண்ணாங்களோ.”

“வாடகை ஒழுங்கா குடுப்பாரா?” என்றேன் நான்.

“அது மட்டும் ஒண்ணாந்தேதி காலைல டாண்ணு வந்துடுமாம்.”

என் முதுகு தானாக நிமிர்ந்தது.

மனைவி மறுபடி கிள்ளினாள். நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட பிடாரியைக் காலி செய்யவைக்க வழக்குப் போட்டால், தீர்ப்பைக் கேட்க என் பேரனின் பேரன்தான் போக வேண்டியிருக்கும் என்று தரகருக்கு விளக்கினேன். இவ்வளவு தொல்லையையும் சேர்த்து வாங்குகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் குறைத்தால் என்ன?

தரகர் ஓனருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டு ஓர் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னது, அந்த மனுஷனையும் சேத்தே எடுத்துக்கறாங்களா?” போன் அலறியது. “அப்ப அவங்க சொல்ற விலைக்கே குடுத்துடுப்பா! மனசு மாறிடப் போறாங்க!”

அதை எழுத்தில் வாங்கும்படி தரகருக்குச் சைகை காட்டினேன். போனில் செய்தியாக வந்தது. மூன்று பேரும் ஒன்றாகக் குனிந்து படித்தோம்.

மனைவி என் கையைப் பற்றிக்கொண்டாள். கார் தெருவுக்குள் திரும்பியதிலிருந்து சில்லிட்டுக் கிடந்த விரல்களில் இப்போதுதான் சூடு வந்திருந்தது.

தரகர் உற்சாகமாகப் போய் அழைப்பு மணியை அழுத்தினார். பதில் இல்லை. மறுபடி அழுத்தினார்.

“ஆளு வெளிய போயிருக்காரு போல. இருந்தா, ஏன்டா ரெண்டு தடவை அடிச்சேன்னு இந்நேரம் சண்டைக்கு வந்திருப்பாரு.”

“கொஞ்சம் தள்ளிக்கோங்க தம்பி,” என்றாள் மனைவி.

கைப்பையில் குடைக்கு அடியில் துழாவிச் சாவியை எடுத்தாள். கதவைத் தோளால் லேசாக மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பூட்டைத் திருப்பினாள்.

அப்படித் தூக்கிப் பிடித்தால்தான் அது திறக்கும். அதைப் பற்றி நான் மூன்று ரிஜிஸ்டர் தபால் போட்டிருக்கிறேன்.

நான்காவதை எழுதி வைத்திருக்கிறேன். அதை இனி யாருக்கு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.