நிஜமாகவே போகிறீர்களா?

லிஃப்டை ஒன்பதாம் மாடியில் நிறுத்திவிட்டு, மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து அவள் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

‘நிஜமாகவே போகிறீர்களா?’ என்றது திரை.

ஆமாம் என்று அழுத்தினாள்.

‘உங்கள் புகைப்படங்கள் உங்களைத் தேடுமே?’

தேடட்டும். எல்லாவற்றையும் நேற்றே புது போனுக்கு மாற்றியாயிற்று.

அவள் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பிரித்துப் போட்டு மாட்டுகிறவள். ஆனால் சொந்தப் போனின் பின்மூடியைத் திறக்க அவளுக்கு அனுமதியில்லை. பாட்டரி உப்பினாலும் கம்பெனிக்காரன்தான் தொட வேண்டும். இயர்போன், கைக்கடிகாரம் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள், வெளியாளோடு பேசாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கணக்கு இன்னும் புருஷனின் குடும்பத் திட்டத்துக்குள் கிடந்தது. அதில் அவன் குடும்பத் தலைவர். அவளைக் குழந்தைகள் பகுதியில் சேர்த்து வைத்திருந்தான், மகராசன். வீட்டை விட்டு வந்து நாலு மாதமாகியும் அவள் எந்தத் தெருவில் நிற்கிறாள் என்பது அவன் திரையில் நீலப் புள்ளியாகத் தெரியும். போன வாரம் வேலையில் மட்டம் பார்க்க ஒரு ரசமட்டச் செயலியை இறக்கப் பார்த்தாள். குடும்பத் தலைவர் மறுத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே போய்ப் புது போன் வாங்கினாள். கடைக்காரன் கேமரா அப்படி, திரை இப்படி என்று அளந்துகொண்டே போனான். அவள் கேட்டது ஒன்றுதான். எந்தச் சார்ஜரைப் போட்டாலும் ஏறுமா?

இனி பழைய கணக்கை மூடினால் போதும், அந்தப் புள்ளி அணைந்துவிடும்.

கம்பெனியோ காலைப் பிடித்துக்கொண்டது. ‘இருக்கிறேன்’ என்ற பொத்தான் கட்டைவிரல் அகலம். ‘போகிறேன்’ எறும்பு அளவு. எங்களிடம் என்ன குறை என்றது. மூன்று மாதம் இலவசம் என்றது. இன்னொரு முறை யோசிக்கலாமே என்று கெஞ்சியது. உடைந்த இதயம் ஒன்றைப் படம் போட்டு வேறு காட்டியது. வெட்கமே இல்லை.

ஏழாம் மாடியில் யாரோ லிஃப்ட் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

“இன்னுமா விடல அவன்?” என்றார் கூட வேலை பார்க்கும் அண்ணன், கையில் கிரீஸ் டப்பாவோடு.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். ‘கடைசியாகக் கேட்கிறோம். உங்களை இழக்க எங்களுக்கு மனமில்லை’ என்று திரை சொன்னதும் கண் கலங்கிவிட்டது. சனியன். ஒரு கம்பெனிக்குப் போய் யாராவது அழுவார்களா?

அண்ணன் பார்த்தார். பிறகு பார்க்காதவர் போல மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிரீஸ் விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, அந்த எறும்பைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். திரை அணைந்தது. நீலப் புள்ளியும் அணைந்திருக்கும்.

நாலு மாதத்துக்கு முன்னால், பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவள், செருப்பு மாட்டுகிற சாக்கில் கொஞ்சம் நின்றாள். எட்டு வருஷக் குடித்தனம். எங்கே என்றோ, ஏன் என்றோ, இரு என்றோ ஒரு வார்த்தை வரும் என்றுதான் நின்றாள்.

சோபாவிலிருந்து வார்த்தை வந்தது.

“அந்தச் சார்ஜர் என்னோடது. வச்சிட்டுப் போ.”