இன்னும் பார்க்கிறீர்களா?

டோரீன் அன்று சொன்னதை ரெய்னோ பல வருஷங்களாக முழுதாக நம்பியதில்லை. ஆனால் நம்புவதுதான் அவனுக்கு வசதியாக இருந்தது.

சொன்னது இவ்வளவுதான்.

"ஆமா. உங்கப்பாவை டிவி முன்னால விட்டுட்டு நான் கிளப்புக்குப் போயிடுவேன். போதுமா?"

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, கனடாவில், தண்டர் பே ஊரில் இருந்த அப்பாவின் வீட்டில், காபியும் ஏலக்காய் ரொட்டியுமாக உறவெல்லாம் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். அப்படிச் சொல்ல வைத்தவன் ரெய்னோதான்.

டோரீன் அப்பாவின் இரண்டாவது மனைவி. அம்மா ஹெல்மி இறந்து சில வருஷம் கழித்து அந்த வீட்டுக்கு வந்தவள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அம்மா என்ற வார்த்தை அவளுக்காக அவன் வாயில் வந்ததில்லை.

அப்பாவுக்கு நரம்பு நோய். முதலில் கைகள் போயின, இரண்டும். பிறகு பேச்சும் போயிற்று. போனில் கூப்பிட்டால் மூச்சுச் சத்தம்தான் கேட்கும்.

காரில் எட்டு மணி நேரம் தள்ளி வின்னிபெக்கில் இருந்த ரெய்னோ, மகன் என்ற முறையில் ஒரு காரியம் செய்தான். அம்மா இருந்தபோது வீட்டில் எடுத்த பழைய வீடியோப் படங்களைத் தேடிப் பிடித்தான். அம்மா ஏரியில் நீந்துவது, நீராவிக் குளியலை விட்டு ஓடிவந்து பனியில் புரள்வது, அடுப்படியில் அப்பாவோடு ஆடுவது. எல்லாவற்றையும் தன் வீட்டு நிலவறையில் ஒரு சர்வர் கம்ப்யூட்டரில் ஏற்றினான். அப்பாவின் அறையில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, இங்கிருந்து அங்கே படம் ஓடும்படி செய்துவிட்டு வந்தான். ஒவ்வொன்றும் கால்மணி நேரம் ஓடும்.

அங்கே படம் ஓடினால் இவன் போனில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். தினமும் சாயங்காலம், பகலில் வரும் நர்ஸ் கிளம்பிப் போன பிறகு புள்ளி வரும். மணிக்கணக்கில் இருக்கும்.

"அப்பா பாக்கறார்" என்பான் மனைவி லோரியிடம், ஏதோ நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி.

"பாக்கட்டும். எனக்கு இங்க இன்டர்நெட் நத்தையா நகருது. அவர் தூங்கிப்போனாலும் அது பாட்டுக்கு ஓடிட்டேதான் இருக்குமா?"

அதற்கும் ஒரு வழி செய்தான். ஒரு படம் முடிந்ததும் 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று டிவி கேட்கும். ரிமோட்டில் 'ஆமாம்' என்று அழுத்தினால் அடுத்த படம். இல்லாவிட்டால் அணைந்துவிடும். லோரியின் புலம்பல் அடங்கியது. அவனும் அதை மறந்துபோனான்.

அதன் பிறகும் புள்ளி மணிக்கணக்கில் தெரிந்தது. அப்போது அப்பா வீட்டுக்குப் போன் அடிப்பான். அடித்து அடித்து ஓயும். யாரும் எடுக்கமாட்டார்கள்.

"எங்க போயிருப்பா? கிளப்புக்குத்தான், பிங்கோ ஆட" என்றாள் அப்பாவின் தங்கை ஐனோ அத்தை. "புருஷனை டிவிப் பெட்டிகிட்ட ஒப்படைச்சுட்டு ஜாலியா கிளம்பிடறா."

அது அவன் மனசில் நன்றாக வேர்விட்டது. அடக்கம் முடிந்த அன்று, எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டான்.

"டோரீன், சாயங்காலம் போன் அடிச்சா ஏன் எடுக்கறதே இல்ல?"

"எழுந்து வந்து எடுக்க முடியல."

"வீட்ல இருந்தாத்தானே எடுக்க முடியும்! நீங்க எங்கப்பாவைப் பாத்துக்கல. நான் வாங்கி வச்ச டிவிதான் பாத்துக்கிச்சு."

எல்லார் கையிலும் கோப்பைகள் அப்படியே நின்றன. ஐனோ அத்தை மட்டும் ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் டோரீன் அதைச் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அவன் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த டிவியைக் கழற்றி, காரில் போட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டது எதற்கும் டோரீனை யாரும் கூப்பிடவில்லை.

தன் மேல் விழுந்த பழியை இவ்வளவு சுலபமாக ஒருத்தி ஒப்புக்கொள்வாளா என்று எப்போதாவது தோன்றும். தோன்றினால் வேறு எதையாவது நினைத்துக்கொள்வான்.

இந்தக் குளிர்காலத்தில் வாசல் பனியில் வழுக்கி விழுந்தான். கையை ஊன்றியதில் இரண்டு மணிக்கட்டும் போயின. மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்தவனுக்கு, அதே டிவியில், அதே சர்வரிலிருந்து அம்மாவின் படம் ஒன்றைப் போட்டுவிட்டு லோரி கடைக்குப் போனாள்.

அம்மா அடுப்படியில் ஆடி முடித்தாள். டிவி கேட்டது.

'இன்னும் பார்க்கிறீர்களா?'

"பாக்கறேன்" என்றான் அசட்டுத்தனமாக. முழங்கையால் ரிமோட்டைத் தள்ளிப் பார்த்தான். கீழே விழுந்தது. திரை கறுத்தது.

கறுத்த திரையில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லோரி வந்ததும், "தண்டர் பே வீட்டுக்குப் போன் போடு" என்றான்.

"டோரீனுக்கா? இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு?"

"போடேன்."

லோரி போனை அவன் காதருகே பிடித்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் டோரீன்.

"யாரு?"

"ரெய்னோ பேசறேன்."

"ஓ... டிவியோட ஒயர் ஒண்ணை இங்கயே விட்டுட்டுப் போயிட்ட. அதுக்கா?"



"டோரீன்... அப்பாவுக்குத்தான் ரெண்டு கையும் விளங்காதே. எங்கம்மா ஆடற படம் ஒவ்வொண்ணும் முடிஞ்சு, டிவி கேக்கறப்பல்லாம், 'ஆமா, இன்னும் பாக்கறோம்'னு அழுத்தினது யாரு?"