சத்து ஊசி

"அப்பாகிட்ட புற்றுநோய்னு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். இடிஞ்சு போயிடுவார்."

அப்பாவின் பையில் கண்ணாடியைத் தேடியபோது கிடைத்த ரிப்போர்ட்டை மகள் மேசைமேல் வைத்தாள். 'ஸ்மால் செல்' நுரையீரல் புற்றுநோய்.

"இது வேகமாப் பரவுற வகைம்மா. ஆபரேஷன் பெரும்பாலும் சரிப்படாது. நெஞ்சுல ஒரு பக்கத்தோட நிக்கிறதால கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் குடுக்கலாம். ஆனா நாள் கடத்தக் கூடாது" என்றார் டாக்டர்.

"சத்து ஊசின்னு சொல்லிக் கூட்டிட்டு வரேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

டாக்டர் லேசாகச் சிரித்தார். "சரி, திங்கட்கிழமை வாங்க."

சத்து ஊசி என்றதும், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா உடனே தலையாட்டினார். வெக்கை தாங்கவில்லை என்று போன மாதம் மொட்டையடித்த தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒன்றும் தெரியாத மனுஷனை ஏமாற்றுகிறோமே என்று நினைத்தபடியே மகள் ஆட்டோவை நிறுத்தினாள்.

வார்டு கதவைத் திறந்ததும் நர்ஸ் கையசைத்தார்.

"வாங்க டிரைவர் சார்! இன்னிக்கு மூணாவது கீமோ. உங்க ஜன்னல் சீட்டு காலியாத்தான் இருக்கு."

மகள் ரிப்போர்ட்டை வெளியே எடுத்தாள். பதற்றத்தில் அவள் பார்க்காமல் விட்ட தேதி, இரண்டு மாதத்துக்கு முந்தையது.

"அப்போ தினமும் வாக்கிங்னு போனது?"

"ரேடியேஷனுக்கு. நீ பயந்துடுவியேன்னு டாக்டர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்."

அவள் அவர் கையை இறுகப் பற்றினாள். "நல்லவேளைப்பா, எனக்காகக் காத்திருக்காம ஆரம்பிச்சீங்களே!"

அப்பா கண்ணடித்தார்.

"உன் சத்து ஊசி நல்லாவே வேலை செய்யுதும்மா. கட்டி பாதியாக் குறைஞ்சிடுச்சு."