குழுவில் ஒரு பெண்

வேலை கேட்டு வந்திருந்த பெண், மார்க்கரின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெள்ளைப் பலகையில் வரைந்திருந்த இரண்டாவது ஆம்புலன்ஸை அழித்தாள்.

மேசைக்கு இந்தப் பக்கம் நான்கு பேர். மூன்று ஆண்கள், ஒரு கமிட்டி அக்கா.

கமிட்டி அக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். நேர்காணல் நடத்தும் ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும் என்று இரண்டு வருடங்களுக்கு முன் நிர்வாகம் விதி போட்டது. நல்ல விதிதான். ஆனால் அங்கே புரோகிராம் எழுதும் நாற்பத்திரண்டு பேரில் பெண் என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

போன வருடம் மட்டும் அறுபத்தொரு நேர்காணல்.

பெண்களை வேலைக்கு எடுப்பதற்காக, இருக்கிற ஒரு பெண்ணை வேலை செய்யவிடாமல் உட்காரவைத்த புண்ணியவான் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

வந்த பெண்களில் மூன்று பேரை எடுத்தே ஆக வேண்டும் என்று அவள் மல்லுக்கு நின்றாள். ஒவ்வொரு முறையும் குழுவில் இருந்த மூன்று ஆண்களும் வேண்டாம் என்றார்கள். மூன்றுக்கு ஒன்று. ஒப்புக்குச் சப்பாணியின் பேச்சு எங்கே எடுபடும்?

எந்த அழைப்புக்கு எந்த ஆம்புலன்ஸ் போக வேண்டும் என்று முடிவு செய்யும் புரோகிராமில் பாதி அவள் எழுதியது. இப்போது அது பக்கத்து இருக்கைக்காரனிடம் இருக்கிறது. அவள் அதைத் திறந்து பார்த்தே நான்கு மாதம் ஆகிறது.

என் வேலை எனக்குத் திரும்ப வேண்டும் என்று இன்று காலையில்தான் மேலாளரை வழிமறித்துக் கேட்டாள்.

"இன்னொரு பொண்ணு வரட்டும். அவங்கள இன்டர்வியூ பேனல்ல உக்கார வச்சிட்டு உங்கள விட்டுடறேன்."

அவர்தான் இப்போது அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

பலகை முன் நின்ற பெண் புட்டுப் புட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கிட்டத்தில் நிற்கும் வண்டியை அனுப்புவது எப்போதும் சரியல்ல. அது கிளம்பிவிட்டால் அந்த வட்டாரத்துக்கே வண்டி இல்லாமல் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கக் கமிட்டி அக்காவுக்கு மூன்று வாரம் பிடித்தது. இவளுக்கு இருபது நிமிடம்.

இடையில் ஒருவர் குறுக்குக் கேள்வி போட்டு மடக்கப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்ன விதத்தில் அவரே சிரித்துவிட்டார்.

இவளை யாராலும் தட்டிக்கழிக்க முடியாது. கமிட்டி அக்காவுக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. இவள் வந்து சேர்ந்த மறுநாளே தன் இருக்கை, தன் திரை, தன் ஆம்புலன்ஸ்கள்.

ஏதாவது கேட்க வேண்டுமா என்று மேலாளர் கேட்டார். இந்த இடத்தில் எல்லாரும் ஆண்களைப் பார்த்துத்தான் கேட்பார்கள். இவள் நேராகக் கமிட்டி அக்காவைப் பார்த்தாள்.

"மேடம், நான் சேர்ந்தா எனக்கு என்ன வேலை குடுப்பீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மேலாளர் முந்திக்கொண்டார். ஆம்புலன்ஸ் புரோகிராமை அப்படியே வந்தவளின் கையில் தரப்போவதாகச் சொன்னார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை. பெண்ணின் கண் விரிந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு மூடியதும் மூன்று பேரும் எடுக்கலாம் என்றார்கள். இரண்டு வருடத்தில் ஒரு பெண்ணுக்கு இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மேலாளருக்கு ஒரே பூரிப்பு. "என்னமா பேசுது! பேனலுக்குன்னே பொறந்த பொண்ணு."

கமிட்டி அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

எப்போதும்போல மூன்று பேரும் நிரப்பாத மதிப்பெண் படிவத்தில் கையெழுத்தைப் போட்டு, அதை அவள் பக்கம் தள்ளிவிட்டு, டீ குடிக்கப் போனார்கள். பூர்த்தி செய்வது அவள் பொறுப்பு.

மதிப்பெண் கட்டங்களில் முழு மதிப்பெண் போட்டாள். 'தேர்வு' என்ற கட்டத்தில் சரி போட்டாள்.

கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில் எழுதியது கோப்பில் காலத்துக்கும் இருக்கும். குழுவுக்கு ஆள் போடுகிற பிரிவு கோப்பைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. பக்கத்து இருக்கைக்காரனின் கோப்பில் 'கூச்ச சுபாவம்' என்று யாரோ எப்போதோ எழுதிவைத்தார்கள். இன்றுவரை அவனை ஒரு நேர்காணலுக்கும் கூப்பிட்டதில்லை. மகராசன், நாள் முழுக்கப் புரோகிராம் எழுதுகிறான்.

கட்டத்தைக் காலியாக விட்டால் போதும், இனி இந்த நாற்காலியில் அந்தப் பெண் உட்காருவாள். அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. விட்டுவிடலாமா என்று ஆசையாகத்தான் இருந்தது. பேனாவை மூடினாள், திறந்தாள்.

பிறகு பொய்யைத் தெளிவான கையெழுத்தில் எழுதினாள்.

'புதியவர்களைக் கண்டால் இவருக்குப் பேச்சே வராது. நேர்காணல் குழுவில் ஒருபோதும் போட வேண்டாம்.'

அதற்குக் கீழே ஏற்கெனவே மூன்று கையெழுத்துகள் இருந்தன. நான்காவதாகத் தன்னுடையதையும் போட்டு, அவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தாளை உறையில் போட்டு ஒட்டினாள்.

அடுத்த நேர்காணல் மூன்று மணிக்கு.