சிங்கத்தின் கண்

சீனச் சிங்க நடனத்தில், இருவர் துணிக்குள் நின்று ஆட்டும் புதுச் சிங்கத்தின் கண்களுக்கு மை தீட்டாமல் அதை ஆடவிடக் கூடாது. தீட்டவிருந்த பிரமுகர் வரவேயில்லை. தெருவில் கூட்டம் கலையத் தொடங்கியது. சீனத் தற்காப்புக்கலை மன்றத்தின் தொண்டர்கள் ஆளுக்கொரு பெரிய மனிதரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிங்கத்தின் பின்கால்களாக ஆடும் தேன்மொழி தூரிகையை எடுத்துவிட்டாள்.

“பெரியவங்க செய்ய வேண்டியதும்மா அது” என்றார், முன்கால்களாக ஆடும் ஆ ஹோங்.

“இத்தன வருசமா உங்க இடுப்பப் புடிச்சிக்கிட்டு, துணிக்குள்ள ஒண்ணுமே தெரியாமத்தானண்ணே ஆடுறேன். கண்ணோட அரும வேற யாருக்குத் தெரியும்?”

அவர் சிங்கத்தின் தலையை அவள்முன் தாழ்த்தினார். மை தீட்டி இரண்டு கண்களையும் திறந்துவைத்தாள். முரசு அதிர்ந்தது. தேன்மொழி வழக்கம்போலத் துணிக்குள் குனிந்து அவர் இடுப்பைப் பிடித்தாள். பிறகு, நிம்மதியாகத் தன் கண்களை மூடிக்கொண்டாள்.