நாலாவது மாடிச் சீனா

"விஜி, கயிற்றை இழு! காசு கிளிப்புல இருக்கு!"

போட்டாதாங் தெருவில், டீக்கடை வாசலில் நின்று பரீதா கத்தினாள். நாலாவது மாடி பால்கனியில் விஜயகுமாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காய்கறி, பால் எல்லாம் ஏறி வரும் கயிறு. இன்று அசையவில்லை.

போன மாதம் அந்தக் கயிற்றில் ஏறிய எண்ணெய் டின் விழுந்து, பரீதாவின் கடைக் கண்ணாடி உடைந்தது. கேட்ட நஷ்ட ஈட்டை விஜயகுமாரி கொடுத்தும்விட்டாள். நேற்றுத்தான் பரீதாவின் கணவர் காஜா மைதீன் வாயைத் திறந்தார். கண்ணாடியில் முன்னாடியே விரிசலாம். அதுவும் அவர் கை பட்டு விழுந்ததாம். அந்த நஷ்ட ஈட்டைத்தான் பரீதா இப்போது திருப்பித் தருகிறாள்.

"ஆனா சும்மா தரலை புள்ள! தமிழ்மணியோட இங்கிலீஷ் கிளாசுக்குத்தான் கட்டணும். வேற எதுக்கும் தொடக்கூடாது!"

"என் காசை நான் எதுக்குச் செலவழிக்கணும்னு நீ யாருக்கா சொல்ல? கண்டிஷன் இல்லாம குடு, இல்லன்னா வச்சுக்க!"

உள்ளே மகள் தமிழ்மணிக்கு அழுகை வந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் கிளாஸ் நாடகத்தில் மேடையேற முடியாது. அதில் அவளுக்குத்தான் சீனா வேஷம். பரீதாவின் மகன் ஷாஹுல் பிரிட்டன்.

"நாடகத்துலயும் இதேதாம்மா. பழைய சண்டைக்காகச் சீனாகிட்ட வாங்குன நஷ்ட ஈட்டை பிரிட்டன் திருப்பித் தருது. இப்படித்தான் செலவழிக்கணும்னு கண்டிஷன் போடுது."

"சீனா என்ன சொல்லுது?"

"எங்க காசு, நாங்க பாத்துக்குறோம்னு."

"கெட்டிக்காரச் சீனா!"

"உனக்கு வீம்பும்மா! என் மேடையே போச்சு!"

கீழே பரீதாவுக்குப் பொறுமை போனது.

"சரி தாயே, என்னமும் பண்ணு! மொஹிங்கா நூடுல்ஸா வாங்கித் தின்னே தீத்துடு!"

கயிறு சரசரவென்று மேலேறியது.

சனிக்கிழமை காலை. ஷாஹுல் கடையில் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். பால்கனியிலிருந்து விஜயகுமாரியின் குரல் வந்தது.

"டேய் பிரிட்டன்! இன்னும் கிளம்பலையா? சீனா படியிறங்கியாச்சு. கிளாசுக்குப் போற கியாக்டடா பஸ் போயிடும்!"

பரீதா நிமிரவில்லை. "அவன் வரலை புள்ள. ஃபீஸ் கட்டலை. கையில இருந்தது உனக்குக் குடுத்ததோட சரி."

"கட்டியாச்சுக்கா. அந்தக் காசுல ஒருத்திக்கு ரெண்டு மாசம் கட்டுறதுக்குப் பதிலா, ரெண்டு பேருக்கும் ஒரு மாசம் கட்டிட்டேன்."

பரீதா அண்ணாந்து பார்த்தாள். "தமிழ்மணிக்கு மட்டும்னுதானே நான் சொன்னேன்..."

விஜயகுமாரி தலையை நிமிர்த்திக்கொண்டு, தெருவே கேட்கச் சொன்னாள்:

"அதனாலதான்க்கா கண்டிஷன் வேணாம்னேன்!"